கைகட்டி நிற்கும் ஐந்து நிமிடம்

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலை ஒட்டியிருக்கும் ஔஷதகிரியை, அனுமன் சுமந்த சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரில் சொல்வார்கள். அந்த மலையடிவாரத்து வீடு ஒன்றில் ஒருவர் இறந்துபோனால், ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கி ஆட்கள் வந்தால் போதும், கருவிழியை எடுத்துவிடலாம். கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. பெரும்பகுதி ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. அதனால் பொறுத்திருக்கும். சிறுநீரகமும் கல்லீரலும் பொறுக்காது.

தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்றாலே மூளைச்சாவுதான் நினைவுக்கு வரும். 2008 செப்டம்பரில், மூளைச்சாவடைந்த திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தர அவருடைய பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகு அது வீடு வீடாகப் பேசப்பட்டது. மூளைச்சாவில் அவகாசம் உண்டு. வென்டிலேட்டர் ஓடும், இதயம் துடிக்கும், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு பரிசோதனைகள் நடக்கும். ஆனால் பிழைக்க வழியில்லாத எல்லோருக்கும் மூளைத்தண்டு செயலிழப்பதில்லை. அப்படிப்பட்டவருக்கு இனி சிகிச்சையால் பலனில்லை என்று முடிவாகி, வென்டிலேட்டரை எடுத்து, இதயம் தானாக நின்ற பின் உறுப்புகளை எடுப்பது இன்னொரு வழி. நம் 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தின் மரண வரையறையில் இதற்கும் இடமிருக்கிறது. பார்க்கப்போனால் இதுதான் பழைய வழி. மூளைச்சாவுக்கு ஹார்வர்டு குழு இலக்கணம் வகுத்ததே 1968-இல்தான்.

இதயம் நின்ற பின் எடுக்கும் இந்த வழியில் எல்லாமே நிமிடக் கணக்கு. ரத்த அழுத்தம் சரியத் தொடங்கியதும் கல்லீரல் ஏறக்குறைய அரை மணி நேரம் தாங்கும்; சிறுநீரகம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அப்படியிருந்தும், இதயம் நின்றதும் பல நாடுகளில் ஐந்து நிமிடம் யாரும் தொடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஏன்? சிகிச்சை நிறுத்தப்பட்ட 631 பேரைக் கவனித்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. துடிப்பின் பதிவுகள் முழுமையாகக் கிடைத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு, நின்ற இதயம் சிறிது நேரம் மீண்டும் அசைந்திருந்தது. யாரும் பிழைக்கவில்லை. நின்றதற்கும் மீண்டும் அசைந்ததற்கும் இடையே மிக நீண்ட இடைவெளி 4 நிமிடம் 20 விநாடி.

இந்த வழிக்கு மருத்துவக் குழுவைத் தயார்செய்யும் பயிற்சியின் கடினமான பகுதி இங்கேதான். மானிட்டரில் கோடு நேரானால் நெஞ்சை அழுத்து என்றுதான் ஐசியு செவிலியரின் கைக்குப் பழக்கியிருக்கிறோம். இப்போது அந்தக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழக்க வேண்டும். பொம்மை நோயாளியை வைத்து ஒத்திகை நடக்கும். தமனி அழுத்தக் கோட்டை ஒருவர் பார்ப்பார். மூன்றாவது நிமிடத்தில் துடிப்பு தலைகாட்டினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. உறுப்பு எடுக்கும் அறுவை மருத்துவர் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. எதிர்பார்த்த நேரத்துக்குள் இதயம் நிற்காவிட்டால் தானம் கிடையாது. நோயாளி படுக்கைக்குத் திரும்புவார், பராமரிப்பு தொடரும். இதைக் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சிகிச்சையை நிறுத்தும் பேச்சு முதலில், தானப் பேச்சு அதன் பிறகு. இரண்டையும் கலந்தால் "உறுப்புக்காகத்தான் கைவிட்டார்கள்" என்ற சந்தேகம் வரும், வருவதும் நியாயம்.

பார்சிலோனாவில் உறுப்பு தானப் பயிற்சி 1991 முதல் நடக்கிறது. சென்னையில் மோகன் பவுண்டேஷன் ஒருங்கிணைப்பாளர்களைத் தயார்செய்கிறது. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை, இதயம் நின்ற பிறகான தானத்தைச் செய்தே காட்டியிருக்கிறது. ஆனாலும் இங்கே வென்டிலேட்டரை எடுப்பதே எளிதல்ல. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் 2023 திருத்தமும் இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதலைக் கேட்கின்றன.

திருவந்திபுரம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் இதைத் தொடங்குவதானால், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரியின் ஐசியு செவிலியர்களிடமிருந்து தொடங்கலாம் என்பேன்; அறுவை மருத்துவர் வெளியூரிலிருந்துகூட வரலாம். இன்னும் இருவரையும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும்: காவல் ஆய்வாளர், பிரேதப் பரிசோதனை மருத்துவர். சாலை விபத்தில் அடிபட்டவர் என்றால் அவர்கள் இருவரின் வேலையும் உண்டு. இதயம் நின்ற பிறகு அவர்களைத் தேடி ஆள் அனுப்ப நேரமிருக்காது. வென்டிலேட்டரை எடுக்கும் முன்பே அவர்களின் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்.