ஒரு நாள், ஒரு ஏரி: பழவேற்காட்டுக்குக் குழுவாப் போறீங்களா?

இன்னைக்கு நாம பேசப் போறது, சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்ல இருக்கிற பழவேற்காடு பற்றி. கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறி பொன்னேரியில இறங்கினா, அங்கிருந்து பஸ். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான்.

காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துடுங்க. வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடுகள் நிக்கும். செல்ஃபி எடுக்கலாம், தப்பில்ல. ஆனா கதையையும் தெரிஞ்சுக்கோங்க. 1613ல டச்சுக்காரங்க இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்க தலைமையிடம் இந்த ஊர்தான். இப்போ அந்தக் கோட்டை புதர் மண்டிக் கிடக்கு.

அவங்க இங்கிருந்து துணி மட்டும் ஏற்றுமதி பண்ணல. மனுஷங்களையும் அடிமைகளா வாங்கி, பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல்ல அனுப்பினாங்க. பஞ்சம் வந்த வருஷங்கள்ல இந்த வியாபாரம் இன்னும் கூடிச்சு. வியாபாரிகளோட பேர் கல்லறையில அழகா செதுக்கியிருக்கு. கப்பல் ஏறினவங்களுக்கு ஒரு கல்கூட கிடையாது.

துணிக்கும் ஒரு கதை இருக்கு. கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி ஒண்ணு, உலகச் சந்தையில 'புலிகாட்'னு இந்த ஊர்ப் பேராலயே விற்பனையாச்சு. கரீபியன் தீவுகளான செயின்ட் லூசியா, டொமினிகா, மார்டினிக்ல விழா நாட்கள்ல பெண்கள் உடுத்துற கட்டம் போட்ட துணிக்கு இன்னைக்கும் பேர் 'மெட்ராஸ்'. நம்ம கரையில பிறந்த துணி, அங்கே தேசிய உடையில சேர்ந்துடுச்சு.

அடுத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பள்ளிவாசல்கள், மாதா கோயில். எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதான். முஸ்லிம் பெண்கள் முடையுற பனையோலைக் கூடைகள் கிடைச்சா வாங்குங்க, பேரம் பேசாம.

சாயங்காலம் மீனவர் குப்பங்கள் பக்கம் போகும்போது 'பாடு'ங்கிற சொல்லை நினைவுல வெச்சுக்கோங்க. ஏரியில எந்த இடத்துல, எந்த நாள்ல, யார் வலை போடணும்னு முறை வெச்சுப் பிரிச்சுக்கிற பழைய ஏற்பாடு அது. நல்ல இடத்தை ஒருத்தரே வளைச்சுக்க முடியாது. முகத்துவாரம் மணல் மூடிட்டா கடல் தண்ணி உள்ளே வராது, இறாலும் குறையும். அப்போ முறை இருந்தும் வலையில ஒண்ணும் இருக்காது.

கடைசியா ஒண்ணு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்கு, இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்துச்சு. "அண்ணே, ஒரு ரவுண்டு மட்டும்"னு மீனவர்கிட்ட காசை நீட்டாதீங்க. போலீஸ் பிடிச்சா மாட்டுறது அவர், கவிழ்ந்தா போறது உங்க உயிர். பனிக்காலத்துல போனீங்கன்னா, பூநாரைக் கூட்டத்தைக் கரையில நின்னே பார்க்கலாம். ஒரு பைனாகுலர் போதும்.