வேகமா இருந்தா குற்றம்! பழைய கேமிங் பிசி பற்றி இதெல்லாம் தெரியுமா?

1990-களின் மதர்போர்டு, அதே காலத்து பிராசஸர், அதே காலத்து சவுண்ட் கார்டு! இவற்றையெல்லாம் தேடிப் பிடித்து, பழைய கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ‘ரெட்ரோ பிசி’ என்று அதற்குப் பெயர். புதிதாக இருந்தால் நல்லது, வேகமாக இருந்தால் இன்னும் நல்லது என்ற கணக்கெல்லாம் இங்கே தலைகீழ்! எப்படி என்கிறீர்களா?

டர்போ பட்டன் எதற்கு?

அந்தக் காலத்து கேபினெட்டின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பட்டன் இருக்கும். அது எதற்குத் தெரியுமா? வேகத்தைக் குறைக்க! 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் வெறும் 4.77 மெகாஹெர்ட்ஸ். அன்றைய கேம்கள் பலவும் அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை. அவற்றை 33 மெகாஹெர்ட்ஸ் மெஷினில் ஓடவிட்டால்? எதிரி வந்ததும் தெரியாது, சுட்டதும் தெரியாது, ஆட்டம் முடிந்திருக்கும்! அதனால் டர்போவை அணைத்துவிட்டுத்தான் ஆட உட்காருவார்கள்.

அந்த எண் பொய்யா?

அதே கேபினெட்டில் 33, 66 என்று மெகாஹெர்ட்ஸ் எண் சிவப்பிலோ பச்சையிலோ மின்னும். அது எதையும் அளப்பதே இல்லை! உள்ளே இருக்கும் குட்டி ஜம்பர்களை எப்படிச் செருகுகிறோமோ, அதற்கேற்ற எண் எரியும். 25 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரை வைத்துக்கொண்டு 99 என்று காட்டலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

8 எம்பி ரேம் இருந்தும் பஞ்சமா?

ஆமாம்! முதல் ஐபிஎம் பிசியின் 8088 பிராசஸருக்கு மொத்தம் 1 எம்பிதான் கண்ணுக்குத் தெரியும். அதில் 384 கேபி திரைக்கும் பயாஸுக்கும் போக, புரோகிராமுக்கு மிச்சம் 640 கேபி. பிறகு எத்தனை எம்பி ரேம் போட்டாலும் டாஸ் கேம்கள் பலவற்றை இந்தக் கணக்கு விடவில்லை! மவுஸ் டிரைவர், சிடி டிரைவர் எல்லாம் அதற்குள்ளேயே இடம் பிடிக்க வேண்டும். தேவையான டிரைவரை மட்டும் ஏற்றிக்கொள்ள, ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி பூட் ஃப்ளாப்பி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்!

இன்னொன்று கேளுங்கள். 1990-ல் வந்த ‘விங் கமாண்டர்’ கேமை உருவாக்கும்போது, ஆட்டத்தை விட்டு வெளியே வந்தால் மெமரி மேனேஜர் ஒரு பிழைச் செய்தியைக் காட்டியது. காரணம் பிடிபடவில்லை. என்ன செய்தார்கள்? அந்தச் செய்தியின் வாசகத்தையே ‘விளையாடியதற்கு நன்றி’ என்று மாற்றிவிட்டார்கள்!

பக்கத்தில் ஒரு சிப் சும்மா இருந்ததா?

இன்டெலின் 486எஸ்எக்ஸ் பிராசஸரில் தசமக் கணக்குப் போடும் பகுதி வேலை செய்யாது. ஆரம்பத்தில் வந்தவற்றில் அந்தப் பகுதி இருந்தது, ஆனால் முடக்கி வைத்தே விற்றார்கள்! கணக்கு வேண்டுமா? 487எஸ்எக்ஸ் என்று ஒரு துணைச் சிப் வாங்கிச் செருகலாம். அது உண்மையில் என்ன தெரியுமா? முழு 486டிஎக்ஸ் பிராசஸர்! உள்ளே போனதும் பழைய சிப்பை அணைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும். காசு கொடுத்து வாங்கிய பழையது? சும்மா உட்கார்ந்திருக்கும்!

ஒரு வகுத்தல் பிழை, 47.5 கோடி டாலர்!

புனேயில் பிறந்த வினோத் தாம் தலைமையில் உருவான இன்டெலின் பென்டியம் பிராசஸர், 1993-ல் வெளியானது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். ஆனால் அந்த பிராசஸர் சொன்ன விடை 1.33373! தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் 1994-ல் குட்டை உடைத்தார். பழுதான சிப்புகளை மாற்றிக் கொடுக்க இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்! இன்று அந்தப் பிழையுள்ள சிப்தான் வேண்டும் என்று தேடிப் பிடிக்கும் சேகரிப்பாளர்களும் உண்டு.

64,000 புள்ளிகளில் ஒரு நரகம்!

1993 டிசம்பர் 10-ல் வெளியான ‘டூம்’ கேம் உலகையே கட்டிப்போட்டது. அதன் திரை எவ்வளவு பெரியது? 320-க்கு 200, அதாவது 64,000 புள்ளிகள்! உங்கள் போனில் எடுக்கும் ஒரு 12 மெகாபிக்சல் படத்துக்குள் 187 டூம் திரைகளை அடுக்கலாம். எவ்வளவு வேகமான மெஷின் போட்டாலும் நொடிக்கு 35 காட்சிகளுக்கு மேல் அது ஓடாது!

பீப் சத்தத்துக்கு முடிவு கட்டிய ஊர் எது?

சிங்கப்பூர்! சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனத்தின் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ 1989-ல் வந்தது. ஒரே நேரத்தில் 9 குரலில் இசைக்கும் யமஹா சிப் அதில் இருந்தது. பதிவு செய்த குரலையும் வெடிச் சத்தத்தையும் அப்படியே ஒலிக்க வைக்கலாம். ஜாய்ஸ்டிக் செருகவும் இடம் இருந்தது!

கேம் சிடியில் பாட்டுக் கேட்கலாமா?

தாராளமாக! 1996-ல் வந்த ‘குவேக்’ சிடியை ஆடியோ பிளேயரில் போட்டால் டிரென்ட் ரெஸ்னரின் இசை ஒலிக்கும். ஆட்டத்தின் நடுவே இசையை வாசித்ததும் சிடி டிரைவேதான்! அங்கிருந்து சவுண்ட் கார்டுக்கு ஒரு மெல்லிய ஒயர் போகும். ரெட்ரோ பிசி கட்டும்போது அந்த ஒயரை மறந்தால் கேம் ஓடும், இசை வராது!

‘டிக்’ என்று ஒரு சத்தம்!

அதே 1996-ல் வந்த 3டிஎஃப்எக்ஸ் ‘வூடூ’ கிராபிக்ஸ் கார்டுக்குச் சாதாரண விண்டோஸ் திரையைக் காட்டவே தெரியாது! அதற்கு இன்னொரு கார்டு வேண்டும். இரண்டையும் வெளியே ஒரு கேபிளால் இணைப்பார்கள். கேம் தொடங்கியதும் சில வூடூ கார்டுகளுக்குள் ரிலே ‘டிக்’கென்று தட்டும், திரை கைமாறும்! 1998-ல் வந்த வூடூ2-வில் இரண்டு கார்டுகளைச் சேர்த்தே பூட்டலாம். வெளியாகாமலே போன வூடூ5 6000-க்கு எத்தனை கிராபிக்ஸ் சிப் தெரியுமா? நான்கு! அதற்கு மின்சாரம் கொடுக்க, கேபினெட்டுக்கு வெளியே தனி அடாப்டர்!

149 டாலரில் 669 டாலர் வேகம்!

1998 ஆகஸ்டில் இன்டெல் இரண்டு பிராசஸர்களை இறக்கியது. செலரான் 300ஏ, 149 டாலர். பென்டியம் 2 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். கேமர்கள் என்ன செய்தார்கள்? செலரானின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு ஏற்றினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடியது! மதர்போர்டு அடம்பிடித்தால் சிப் அட்டையின் ஒரே ஒரு காலை டேப் ஒட்டி மறைத்தார்கள். அவ்வளவுதான் செலவு!

2 என்றால் 6!

பழைய சாக்கெட் 7 மதர்போர்டில் பஸ் வேகத்தை 6 மடங்காகப் பெருக்க ஜம்பரே கிடையாது. கவலை எதற்கு? ஏஎம்டியின் பிந்தைய கே6-2 பிராசஸருக்கு ‘2 மடங்கு’ என்று ஜம்பர் வைத்தால் அது ‘6 மடங்கு’ என்று புரிந்துகொள்ளும்! போர்டு அதற்கேற்ற குறைந்த வோல்டேஜைக் கொடுத்தால் போதும். 66 மெகாஹெர்ட்ஸ் போர்டு 400 மெகாஹெர்ட்ஸ் மெஷினாகிவிடும்!

வேகம் கூடினால் விண்டோஸ் விழுமா?

விழும்! கே6-2 பிராசஸர் 350 மெகாஹெர்ட்ஸைத் தொட்டதும் விண்டோஸ் 95 பல மெஷின்களில் பூட் ஆகவே மறுத்தது. நேரம் அளக்கும் ஒரு சின்னச் சுற்று எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்து, பூஜ்யத்தால் வகுக்கப் போய் மாட்டிக்கொண்டது! சரி, அணைக்காமலே ஓடவிட்டால்? 49.7 நாளில் மில்லி நொடிக் கணக்கு நிரம்பி, விண்டோஸ் உறைந்துவிடும். இது வெளியே தெரிய வந்தது 1999-ல்தான். அதுவரை அத்தனை நாள் யாருடைய விண்டோஸ் 95 விழாமல் ஓடியது?

பழைய போர்டின் எமன் யார்?

கடிகாரத்தை ஓட்டும் குட்டி பேட்டரி! போர்டில் பற்றவைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரி வருடக்கணக்கில் கசிந்து, செம்புத் தடங்களைத் தின்றுவிடும். போர்டு வாங்கியதும் அதை வெட்டி எறிவதுதான் முதல் வேலை. சில போர்டுகளில் இருக்கும் டாலஸ் நிறுவனத்தின் கடிகாரச் சிப்பில் பேட்டரி பிளாஸ்டிக்குக்குள்ளேயே புதைந்திருக்கும். அதை மாற்ற என்ன வழி? சிப்பையே ராவித் திறந்து, காசு வடிவ பேட்டரியைப் பற்றவைக்கிறார்கள்!

கேமரா கார்டு ஹார்டு டிஸ்க் ஆகுமா?

காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு பழைய ஐடிஇ ஹார்டு டிஸ்க்கின் பாஷையை அப்படியே பேசும்! நடுவில் வெறும் ஒயர் இணைப்புள்ள ஒரு மலிவான அடாப்டர் போதும். ஆனால் ஜாக்கிரதை! பல பழைய பயாஸ்களுக்கு 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், அதாவது சுமார் 528 எம்பிக்கு மேல் எண்ணவே தெரியாது. 32 ஜிபி கார்டைப் போட்டாலும் மிச்சமெல்லாம் வீண்!

வேலைக்காரன் எஜமானைவிட வேகமா?

2021-ல் 4 டாலருக்கு வந்தது ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற குட்டி போர்டு. அதன் சிப்பை வைத்து ‘பிக்கோகஸ்’ என்ற புதிய சவுண்ட் கார்டு செய்திருக்கிறார்கள். 1992-ல் வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டு போல அது அச்சு அசலாக நடிக்கும்! அந்தச் சிப்பில் 133 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மூளைகள். அது போய் உட்கார்ந்திருப்பதோ 33 மெகாஹெர்ட்ஸ் 486 மெஷினில். மொத்தக் கம்ப்யூட்டரையும்விட வேகமான ஒரு சிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது, பாவம் அந்த 486-க்கு அது தெரியவே தெரியாது!