வட்டி 1,80,000, ரீஃபண்ட் 28,600

சங்கரன்கோவிலில் ஆடி மாதம் என்றால் தபசுக் கூட்டம். சம்பளக்காரர்களுக்கு அதே ஆடியில் இன்னொரு வேலையும் உண்டு: வருமான வரி ரிட்டர்ன். வழக்கமான கெடு ஜூலை 31. வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள் காதில் ஒரு வாக்கியம் அதற்குள் விழுந்திருக்கும்: "வீட்டுக்கடன் வட்டி ரெண்டு லட்சம் வரைக்கும் கழிச்சுக்கலாம்." சிலர் அந்த ரெண்டு லட்சமே திரும்பி வரும் என்று நம்பி விடுகிறார்கள். பிறகு கணக்கில் ஏறும் தொகையைப் பார்த்துவிட்டு ஆடிட்டர் மேல் சந்தேகப்படுகிறார்கள்.

ஆடிட்டர் பாவம். கழிப்பது வருமானத்தில்தான், வரியில் இல்லை.

2024-25 நிதியாண்டை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஆண்டுச் சம்பளம் 8,50,000 வாங்கும் ஓர் ஆசிரியை. பழைய வரி முறையில் நிலையான கழிவு 50,000, 80சி பிரிவில் 1,50,000 போனால் மிச்சம் 6,50,000. இதற்கு வரி, செஸ் சேர்த்து, 44,200. இப்போது வட்டி 1,80,000-ஐக் கழித்தால் வருமானம் 4,70,000 ஆகிறது. ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் 87ஏ தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். ஆக, 1,80,000 ரூபாய் வட்டி கட்டியவருக்கு மிச்சமான வரி 44,200தான். வட்டியில் 1,50,000 கழியும்போதே வரி தீர்ந்துவிட்டது. மீதி 30,000-ஆல் ஒரு பைசா பயனில்லை.

அந்த 44,200-ம் முழுசாகக் கைக்கு வராது. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பானது. பழைய முறை வேண்டும் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் சம்பளத்தில் புதிய முறைப்படியே டிடிஎஸ் பிடிப்பார்கள். இந்த ஆசிரியைக்கு அது 28,600. ரிட்டர்னில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்த 28,600 திரும்ப வரும். அதற்கு மேல் வராது. பிடிக்காத வரியை எங்கிருந்து திருப்பித் தருவது? பழைய முறையைக் கேட்டு, கடன் சான்றிதழையும் ஆரம்பத்திலேயே அலுவலகத்தில் கொடுத்தவருக்கு ரீஃபண்ட் பூஜ்யமாகவும் இருக்கலாம். அவருக்கு லாபம் மாதாமாதம் சம்பளத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது.

கெடுவைத் தவறவிட்டால்தான் உண்மையான அடி. தாமதமாகத் தாக்கல் செய்பவர் பழைய முறைக்குப் போக முடியாது. புதிய முறையில் சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டியும் கிடையாது, 80சி-யும் கிடையாது. 28,600 போனது போனதுதான். மேலே 5,000 வரை தாமதக் கட்டணம் வேறு.

2025-26இல் கதையே மாறிவிட்டது. புதிய முறையில் 12 லட்சம் வரை, சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்து 12,75,000 வரை, வரி இல்லை. வீட்டுக்கடன் சலுகையை யாரும் ரத்து செய்யவில்லை. சிறு நகரச் சம்பளத்துக்கு அது தேவைப்படாமல் போய்விட்டது, அவ்வளவே.

நம்ம ஊர்ப் பக்கம் அதிகம் இடறுவது வேறு இடத்தில். மனை அப்பா பெயரில் இருக்கும் அல்லது மனைவி பெயரில் இருக்கும். தவணை கட்டுவது மகனோ கணவனோ. வீட்டில் உரிமை இல்லாதவர் எத்தனை தவணை கட்டினாலும் வட்டியைக் கழிக்க முடியாது. இருவருக்கும் உரிமையும் கடனும் கூட்டாக இருந்தால் ஆளுக்கு இரண்டு லட்சம் வரை கழிக்கலாம் என்பது இதன் மறுபக்கம். பத்திரம் எழுதும்போதே யோசித்திருக்க வேண்டிய விஷயம். கட்டி முடிக்கும் முன் கட்டிய வட்டிக்கும் அவசரம் உதவாது. வேலை முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம பங்காகத்தான் கழிக்கலாம், அதுவும் அந்த இரண்டு லட்சத்துக்குள்ளேயே. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடியாவிட்டால் உச்சவரம்பு 30,000 ஆகச் சுருங்கும். அசல் 80சி-யில் வரும். ஆனால் பி.எஃப்., எல்.ஐ.சி., பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அதே 1,50,000-க்குள் முட்டி மோதுவதால், பலருக்கு அசல் கட்டியதன் பலன் தெரிவதே இல்லை.

இங்கே வட்டி வருமானத்தில்தான் கழிகிறது. வரியிலேயே நேராகக் கழித்த நாடும் உண்டு. அமெரிக்காவில் 2008இல் முதல் வீடு வாங்கியவர்களுக்கு 7,500 டாலர் வரை கொடுத்தார்கள். வரி அந்த அளவுக்கு இல்லாதவருக்கும் பணமாகவே வந்தது. ஆனால் அது வட்டியில்லாக் கடன். 15 ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. வருடாவருடம் வரிக் கணக்கில் 500 டாலர் வரை ஏறியபோது, அங்கேயும் ரீஃபண்ட் குறைந்ததே என்ற புலம்பல்தான்.

நம்ம ஊரில் எல்லாம் சரியாக இருந்தும் ரீஃபண்ட் குறைந்திருந்தால், வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து வரும் 143(1) அறிவிப்பைத் திறக்க வேண்டும். ஒரு பத்தியில் நீங்கள் கொடுத்த எண், பக்கத்தில் அவர்கள் போட்ட எண். எந்த வரிசையில் இரண்டும் பிரிகிறதோ அங்கேதான் விடை. பழைய ஆண்டு பாக்கி ஏதும் இருந்தால் 245 பிரிவில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு ரீஃபண்டிலேயே நேர் செய்துகொள்வார்கள். டிடிஎஸ் விட்டுப்போயிருந்தால் 26ஏஎஸ் படிவத்தோடு ஒப்பிட்டு, 154 பிரிவில் திருத்தம் கேட்கலாம்.