தரவுத்தளச் சுட்டுப்பட்டியல்

தரவுத்தளச் சுட்டுப்பட்டியல் அல்லது இன்டெக்ஸ் என்பது, பெரிய அட்டவணை ஒன்றின் எல்லா வரிசைகளையும் படிக்காமல், வேண்டிய வரிசைகளை மட்டும் விரைவாகக் கண்டெடுக்க உதவும் துணை அமைப்பாகும். நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு செய்யும் வேலையை இது கணினியில் செய்கிறது.

காகிதக் கால முன்னோடி

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்கள் பதிவான வரிசையிலேயே புத்தகத்தில் ஏறும். அவற்றைத் தேடுவதற்கு 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 55ஆம் பிரிவில், தனிச் சுட்டுகளை வகுத்தது. முதலாம் சுட்டு எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களைக் கொண்டது. இரண்டாம் சுட்டு சொத்து விவரங்களைக் கொண்டது. உடையார்பாளையம் வட்டத்தில் நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்று கேட்கும்போது, கிராமமும் புல எண்ணுமே தேடலுக்கு வழிகாட்டுகின்றன. இன்று இத்தேடலைக் கணினி செய்கிறது.

இயங்கும் முறை

பெரும்பாலான தரவுத்தளங்கள் பி-மரம் என்னும் அமைப்பைப் பயன்படுத்துகின்றன. போயிங் நிறுவன ஆய்வகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயரும் எட்வர்டு மெக்ரைட்டும் 1970இல் இதை உருவாக்கினர். ஒவ்வொரு கணுவிலும் 100 கிளைகள் இருப்பதாகக் கொள்வோம். நான்கே படிகளில் 100 × 100 × 100 × 100, அதாவது 10 கோடிப் பதிவுகளுள் ஒன்றை அடைந்துவிடலாம்.

புதுப்பித்தலின் சுமை

தேடலில் கிடைக்கும் வேகத்திற்கு எழுதும்போது விலை கொடுக்க வேண்டும். ஓர் அட்டவணைக்கு ஐந்து சுட்டுகள் இருந்தால், புதிய வரிசை ஒவ்வொன்றையும் அந்த ஐந்திலும் சேர்த்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போடவும் முடியாது. காலையில் பதிவான அடமானம் சுட்டில் ஏறாவிட்டால், மாலையில் வழங்கப்படும் சான்று ‘வில்லங்கம் இல்லை’ என்று காட்டும். அதை நம்பிப் பணம் கொடுத்தவர் ஏமாறுவார். எனவே வரிசையும் அதற்குரிய சுட்டுப் பதிவுகளும் ஒரே பரிவர்த்தனையாக எழுதப்படுகின்றன: எல்லாம் நிறைவேறும், அல்லது எதுவுமே நிறைவேறாது.

கவனிக்க வேண்டியவை

* அடிக்கடி கேட்கப்படும் வினவல்களுக்கு மட்டும் சுட்டு அமைக்க வேண்டும். பயன்படாதவற்றை நீக்கிவிட வேண்டும்.
* கூட்டுச் சுட்டில் புலங்களின் வரிசை முக்கியம். ‘கிராமம், புல எண், தேதி’ என்ற சுட்டு, கிராமத்தை மட்டும் கொண்டு தேடவும் உதவும். தேதியை மட்டும் கொண்டு தேடப் பெரிதும் உதவாது. பெயர் வரிசையில் உள்ள தொலைபேசிக் கையேட்டில் எண்ணை வைத்து ஆளைத் தேடுவது போன்றது அது.
* அட்டவணையை ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்தால், புதிய பதிவுகள் நடப்பாண்டுப் பகுதியில் மட்டுமே சேரும். கால வரம்புள்ள தேடலும் தொடர்பற்ற ஆண்டுகளைத் தொடாது.