திருநாமங்களும் சித்திர வீரர்களும்

தீமையை எதிர்த்து நிற்பவன் யார், தீமையைச் செய்பவன் யார் என்பதைக் குழந்தைகள் முதன்முதலாகக் கதைகளிலிருந்தே அறிகின்றனர். இன்று அக்கதைகள் பெரும்பாலும் கார்ட்டூன் படங்களாகவே அவர்களை வந்தடைகின்றன. அவற்றில் முஸ்லிம்களுக்கு எத்தகைய இடம் தரப்பட்டுள்ளது என்னும் வினா ஆய்வுக்குரியதாகும்.

1992இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘அலாவுதீன்’ படத்தின் தொடக்கப் பாடல், முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் தேசமென அரபகத்தை வருணித்தது. அமெரிக்க அரபு மக்களின் எதிர்ப்பால் 1993இல் வீடியோ வெளியீட்டில் அவ்வரி மாற்றப்பட்டது. எனினும் அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்னும் சொல் நீக்கப்படவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷாஹீன், தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். அரபியர் அவற்றில் பெரும்பாலும் கொடியவராகவோ கோமாளிகளாகவோ காட்டப்பட்டுள்ளதை அவர் நிறுவினார்.

இப்பின்னணியில்தான் குவைத்தைச் சேர்ந்த மருத்துவ உளவியலாளர் நாயிஃப் அல்முதவ்வா, 2006இல் ‘தி 99’ என்னும் சித்திரக்கதையைத் தொடங்கினார். அதன் வேர் வரலாற்றில் உள்ளது. ஹிஜ்ரி 656இல், அதாவது கி.பி. 1258இல், மங்கோலியர் பாக்தாதை அழித்தபோது அதன் நூலகங்களும் அழிந்தன. அந்த அறிவுச்செல்வம் 99 மாணிக்கங்களுக்குள் காக்கப்பட்டு, அந்தலூசியா சென்று, பின்னர் உலகெங்கும் சிதறியதாக ஆசிரியர் கற்பனை செய்கிறார். அவற்றைக் கண்டெடுக்கும் இளைஞர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆற்றலைப் பெறுகின்றனர். அவர்களின் பெயர்களோ அஸ்மாஉல் ஹுஸ்னாவை, அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களை, நினைவூட்டுபவை.

சவூதியின் ஜப்பார், அமீரகத்தின் நூரா, இந்தோனேசியாவின் ஃபத்தாஹ், ஹங்கேரியின் ஜாமி, சக்கர நாற்காலியில் இயங்கும் அமெரிக்க இளைஞர் தார் எனப் பல நாட்டினர் இதில் ஒன்று சேர்கின்றனர். பெண்களில் தலை மறைத்தோரும் மறைக்காதோரும் உண்டு. யமனைச் சேர்ந்த பாத்தினா முழுமையாகத் தம்மை மறைத்தவர். ஆயினும் கதையில் குர்ஆனோ தொழுகையோ பேசப்படுவதில்லை. எம்மதத்தவரும் ஏற்கும் நற்பண்புகளாகவே இஸ்லாத்தின் விழுமியங்கள் முன்வைக்கப்படுகின்றன.

2010இல் அமெரிக்க அதிபர் ஒபாமா இம்முயற்சியைப் பாராட்டினார். அதே ஆண்டில் சூப்பர்மேன், பேட்மேன் ஆகியோருடன் இவ்வீரர்கள் இணைந்து தோன்றும் இதழ்களும் வந்தன. கார்ட்டூன் தொடரும் தயாராயிற்று. ஆனால், ஷரீஅத்தைக் குழந்தைகளிடம் மறைமுகமாகப் புகுத்துவதாகச் சிலர் கிளப்பிய எதிர்ப்பினால், அதனை ஒளிபரப்புவதாக அறிவித்திருந்த அமெரிக்க அலைவரிசை பின்வாங்கியது. மறுபுறம், இஸ்லாமிய முதலீட்டு வங்கி ஒன்றின் ஷரீஅத் குழு ஒப்புதல் அளித்திருந்த அதே படைப்பை, 2014இல் சவூதியின் தலைமை முஃப்தி மார்க்கத்திற்கு முரணானதெனத் தீர்ப்பளித்தார். மார்க்கத்தைத் திணிக்கிறது என்று ஒரு சாராரும், மார்க்கத்தை அவமதிக்கிறது என்று மறுசாராரும் ஒரே கதையைக் குற்றம் சாட்டியதைக் காண்கிறோம்.

முதலாவது குற்றச்சாட்டு அச்சத்தில் பிறந்தது. இரண்டாவதோ அறிவு சார்ந்த விடை பெறத் தகுதியுடையது. இறைப்பண்பைக் குறிக்கும் சொல்லை மனிதனுக்குச் சூட்டலாமா?

இதற்கு அரபு மொழியும் குர்ஆனுமே வழி காட்டுகின்றன. ‘அல்’ என்னும் சுட்டுச்சொல்லோடு முழுமைப் பொருளில் வரும்போது அத்திருநாமங்கள் அல்லாஹ்வுக்கே உரியவை. அச்சுட்டு இல்லாமல், வரம்புக்குட்பட்ட பொருளில், அவற்றுள் சில மனிதருக்கும் ஆளப்பட்டுள்ளன. தவ்பா அத்தியாயத்தின் 128ஆம் வசனம் நபி (ஸல்) அவர்களை ரவூஃப், ரஹீம் என்கிறது. 76ஆம் அத்தியாயத்தின் 2ஆம் வசனம் மனிதனை ஸமீஃ, பஸீர் என்கிறது. ஆனால் ரஹ்மான், காலிக் முதலியவை இவ்வாறு பகிரப்படுபவை அல்ல. எனவே அனைத்தும் கூடும் என்பதும் அனைத்தும் கூடாது என்பதும் ஒருசேரப் பிழையாகும்.

‘ஜப்பார்’ இன்னும் நுட்பமானது. மனிதனைப் பற்றிக் குர்ஆனில் வரும்போது அச்சொல் பெரும்பாலும் கொடுங்கோலனைக் குறிக்கிறது. யஹ்யா (அலை) அவர்கள் ஜப்பாராக இருக்கவில்லை என்பது அவர்களுக்குரிய புகழ்ச்சியாக வருகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘அல்மக்ஸதுல் அஸ்னா’ நூலில் ஒவ்வொரு திருநாமத்திலும் அடியானுக்குரிய பங்கை விளக்குகிறார்கள். இத்திருநாமத்தில் அவர்கள் காட்டும் பங்கு உடல் வலிமையன்று. பிறர் தாமாகவே பின்பற்றும்படி ஈர்க்கும் உயர்ந்த குணமாகும். சித்திரக்கதையின் ஜப்பாரோ பேருருவமும் பெருவலிமையும் பெற்ற இளைஞர். பெயர் நம் மரபிலிருந்து எடுக்கப்பட்டது. பொருள் அமெரிக்க வீரர் கதைகளிலிருந்து வந்துவிட்டது.

பிரதிநிதித்துவத்தின் உண்மையான சிக்கல் இதுவே என நாம் கருதுகிறோம். மார்வெல் நிறுவனம் படைத்த கமலா கான் 2014இல் தனி இதழ் பெற்று, 2018இல் அனிமேஷன் படத்திலும் தோன்றினார். பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்துப் பெண்ணொருத்தி வீராங்கனையாவது வரவேற்கத்தக்கதே. நம் முகம் திரையில் தெரிவது முதற்படி; நம் அறிவு மரபு நன்மைக்குத் தரும் பொருள் அங்கே தெரிவது அடுத்த படி. அல்முதவ்வா அவ்விரண்டாம் படியில் கால் வைத்தார் என்பதே அவருடைய சிறப்பு. அப்படியைக் கடக்க ஓவியருக்கு ஆலிமின் துணை வேண்டும். கதை முடிந்தபின் தீர்ப்பு வழங்க அன்று, கதை எழுதப்படும்போதே சொல்லின் பொருளை எடுத்துரைக்க.

அப்துல் ஜப்பார் என்று பெயரிட்டுவிட்டு, ‘ஜப்பாரே’ என்று சுருக்கி அழைப்பது நம்மூர்களில் அன்றாட வழக்கம். அப்துல் என்னும் முன்னொட்டு எதற்காக இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், திரையில் தோன்றும் ஜப்பாரையும் அவன் சரியான அளவுகோலால் அளந்துகொள்வான்.