ரோபோவை இயக்கும் கை

பணி ஓய்வை நெருங்கும் வயதில்தான் ஆண்களில் பலர் புராஸ்டேட் என்ற சொல்லை முதன்முறையாகக் கேள்விப்படுகின்றனர். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருக்கும் சிறிய சுரப்பி அது. அதில் புற்றுநோய் இருப்பதாகத் தெரியவந்து, அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறினால், நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "அந்த மருத்துவமனையில் ரோபோ இருக்கிறதா?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "அந்த ரோபோவை இயக்குபவர் இதுவரை எத்தனை பேருக்கு இந்த அறுவையைச் செய்திருக்கிறார்?"

ரோபோ தானாக அறுவை செய்வதில்லை. நோயாளியிடமிருந்து சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் மருத்துவர், பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி தம் விரல்களை அசைக்கிறார். எந்திரக் கைகள் அந்த அசைவுகளை உடலுக்குள் நிகழ்த்துகின்றன. எங்கே வெட்டுவது, எதை விலக்கிக் காப்பது என்ற முடிவுகள் அனைத்தும் மருத்துவருடையவை.

அம்முடிவுகள் எளியவை அல்ல. சுரப்பியின் இருபுறமும் ஆண்மைக்குரிய நரம்புகள் ஒட்டிச் செல்கின்றன. கீழ்ப்பகுதியில் சிறுநீரை அடக்கும் தசை இருக்கிறது. நரம்பைக் காக்கச் சுரப்பியை மிக நெருங்கி வெட்டினால் புற்றுத் திசு தங்கிவிடலாம். விலகி வெட்டினால் நரம்பு பாதிக்கப்படலாம். புற்றுநோய் மீண்டும் வருமா, சிறுநீர் கசியுமா, இல்லற வாழ்க்கை பழையபடி தொடருமா என்பவை எல்லாம் சில மில்லிமீட்டர்களில் தீர்மானமாகின்றன. இந்த நுட்பம் நீண்ட பழக்கத்தால் மட்டுமே கைவருவது.

அனுபவத்தின் பயனை ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, புராஸ்டேட்டை அகற்றிக்கொண்ட 11,522 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. இந்த அறுவைகளை அதிகம் செய்த மருத்துவமனைகளிலும் மருத்துவர்களிடமும் சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைவாக இருந்தன. 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில் 72 மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 7,765 நோயாளிகள் இடம்பெற்றனர். அதுவரை 10 அறுவைகள் மட்டுமே செய்திருந்த மருத்துவரிடம் சென்றவர்களுக்கு ஐந்தாண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு 17.9 விழுக்காடு; 250 அறுவைகள் செய்தவரிடம் அது 10.7 விழுக்காடு.

இவை வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறை பற்றிய கணக்குகள். ரோபோ வந்தபின் அனுபவத்தின் தேவை குறைந்துவிட்டதா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 326 ஆண்களைக் கொண்டு இரு முறைகளும் ஒப்பிடப்பட்டன. அதன் முடிவுகள் 2016இல் வெளியாயின. ரோபோ முறையில் இரத்த இழப்பு குறைந்தது. ஆனால் 12 வாரங்களுக்குப் பின் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலியல் நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எந்திரம் மட்டுமே நல்ல விளைவைத் தந்துவிடாது என்பதை இது உணர்த்துகிறது. ஆண்டுக்குக் குறைந்தது 150 ரோபோ புராஸ்டேட் அறுவைகள் நடைபெறக்கூடிய மையங்களிலேயே இதற்கான ரோபோக்களை அமைக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2014இல் கூறியதும் இக்கருத்தை ஒட்டியதே.

எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் ஆகிவிடாது. ஒரு மருத்துவமனையில் நூற்றுக்கணக்கான அறுவைகள் நடந்தாலும், நமக்குச் சிகிச்சை அளிப்பவர் சிலவற்றையே செய்தவராக இருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் பணிவுடன், ஆனால் தயங்காமல் கேட்போம். இதுவரை எத்தனை அறுவைகள் செய்திருக்கிறீர்கள்? ஆண்டுக்கு எத்தனை? ஓராண்டுக்குப் பின் உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் சிறுநீரை முழுமையாக அடக்க முடிகிறது? அறுவையை முழுவதும் நீங்களே செய்வீர்களா? தம் விளைவுகளைக் கணக்கெடுத்து வைத்திருக்கும் மருத்துவர் இக்கேள்விகளால் மனம் வருந்தமாட்டார்.

இவற்றைக் கேட்க அவகாசம் உண்டா என்ற ஐயம் எழலாம். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் மெல்ல வளர்வது. சுரப்பிக்குள் அடங்கிய நோயுடைய 1,643 ஆண்களைப் பிரிட்டனில் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு ஆகிய மூன்று பிரிவுகளிலும் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே. எனவே பலருக்கும் இரண்டாவது மருத்துவரின் கருத்தை அறிய நேரம் இருக்கிறது. சிலருக்கு அறுவையே தேவைப்படாமலும் போகலாம். நோயின் தீவிரம் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டறிவது நலம்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். ரோபோ அறுவை உள்ளிட்ட நவீன சிகிச்சைகளை மருத்துவக் காப்பீடு ஒதுக்கிவிட இயலாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறின. ஆயினும் அதற்கெனத் தனி உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அவை அனுமதி அளித்தன. உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் அந்த வரம்பு எவ்வளவு என்பதை நலமாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டைக் கட்டுவதற்கு முன், கொத்தனார் இதுவரை கட்டிய வீடுகளை நேரில் சென்று பார்த்து வருகிறோம். நம் உடலை ஒருவரிடம் ஒப்படைக்கும்போதும் அதே விசாரிப்பு நமக்கு வேண்டும்.