குளியலறைக்கு மெமரி ஃபோம் கால்மிதி: முதியோர் உள்ள வீடுகள் கவனிக்க வேண்டியவை

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர். எதிர்பாராத காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே. 60 வயதைக் கடந்தவர்கள் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். வீட்டுக்குள் விழுந்து எலும்பு முறிந்து வரும் முதியவர்களிடம் எங்கே விழுந்தீர்கள் என்று வினவினால், குளியலறையில் அல்லது அதன் வாசலில் என்னும் விடையை அடிக்கடி கேட்கிறோம். வழுக்காமல் இருப்பதற்காக வாசலில் விரிக்கப்படும் கால்மிதியே சில வேளைகளில் விழுவதற்குக் காரணமாகிவிடுகிறது.

அண்மைக் காலமாக மெமரி ஃபோம் கால்மிதிகள் மிகுதியாக விற்பனைக்கு வருகின்றன. பெற்றோருக்குக் கால் வலிக்காமல் இருக்கட்டும் என்று பிள்ளைகள் வாங்கித் தருகின்றனர். நோக்கம் நல்லதே. ஆயினும், மென்மையான பொருள் பாதுகாப்பான பொருள் என்று கொள்வதற்கில்லை.

மெமரி ஃபோம் என்பது பாலியூரித்தேன் என்னும் செயற்கை நுரைப்பொருளின் ஒரு வகையாகும். அமெரிக்காவின் நாசா ஆய்வு மையம் ஒன்றின் பணிக்காக, விமான இருக்கைகளை மேம்படுத்தும் பொருட்டு 1966-ஆம் ஆண்டில் இது உருவாக்கப்பட்டது. அழுத்தத்துக்கும் உடல் வெப்பத்துக்கும் ஏற்ப மெல்லக் குழிந்து, அழுத்தம் நீங்கியபின் மெல்லப் பழைய வடிவுக்குத் திரும்புவது இதன் இயல்பு. உட்கார்வதற்கும் படுப்பதற்கும் ஏற்ற இந்த இயல்பு, நிற்பதற்கும் அதே அளவு ஏற்றது என்று கூற இயலாது.

நாம் தடுமாறாமல் நிற்பதற்குக் கண் பார்வை, உட்செவியின் சமநிலை உறுப்பு, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் துணை செய்கின்றன. ஒருவரின் சமநிலையைச் சோதிக்கும்போது மருத்துவர்கள் அவரை ஒரு நுரைத் திண்டின் மீது நிற்கச் செய்வதுண்டு. பாதத்தின் வழியாகக் கிடைக்கும் தகவலை மங்கச் செய்து, நிற்பதைக் கடினமாக்குவதற்காகவே அவ்வாறு செய்கிறோம். தடித்த மெமரி ஃபோம் கால்மிதியும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. இளையோருக்கு இதனால் இடரில்லை. பல ஆண்டுகளாக நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டுப் பாத உணர்வு குறைந்திருக்கலாம். அவர்கள் பெரிதும் கண் பார்வையைச் சார்ந்தே நிற்கின்றனர். இரவில், கண்ணாடி அணியாமல், மங்கிய வெளிச்சத்தில் குளியலறைக்குச் செல்லும்போது அந்தத் துணையும் குறைந்துவிடுகிறது. முகம் கழுவுவதற்காகக் கண்ணை மூடும்போது தள்ளாடுபவர்கள், அதை முதுமையின் இயல்பு என்று விட்டுவிடாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

குதிகால் வலிக்காக இக்கால்மிதியை வாங்குவோருக்கும் ஒரு சொல்: நாளொன்றுக்கு ஓரிரு நிமிடங்கள் அதன் மீது நிற்பதால் வலி குறையப் போவதில்லை. அத்தொகையை நல்ல காலணிக்குச் செலவிடுவது மேல்.

தேர்ந்தெடுக்கும் முறை

குளியல் தொட்டியிலிருந்து இறங்கிக் காலை ஊன்றுவதற்காக அமைந்தவை இக்கால்மிதிகள். தொட்டிக்கு வெளியே தரை உலர்ந்திருக்கும் வீடுகளுக்கு அவை பொருந்தும். நம் வீடுகளிலோ வாளியில் நீர் நிரப்பிக் குவளையால் மொண்டு குளிக்கிறோம். தரை முழுவதும் நனைகிறது. ஆகவே, குளியலறைக்குள் நுரைக் கால்மிதியை விரிக்கவே கூடாது. அதன் இடம் கதவுக்கு வெளியே உள்ள உலர்ந்த தரையாகும். கதவு வெளிப்புறமாகத் திறக்கும் வீடுகளில், தடித்த கால்மிதி கதவில் சிக்கிச் சுருளும். வாங்கும் முன் கதவுக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளியை அளந்துகொள்வது நன்று.

மேற்புறத்தைத் தடவிப் பார்த்து வாங்குவதே பலரின் வழக்கம். திருப்பிப் பார்ப்பதே முக்கியம். அடிப்புறம் முழுவதும் ரப்பர் போன்ற பிடிமானப் பூச்சு இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் மட்டும் உள்ளவை விரைவில் பிடிப்பை இழந்துவிடும். கட்டை விரலால் அழுத்தும்போது ஆழமாகக் குழிந்து, விரலை எடுத்தபின் நெடுநேரம் குழியாகவே நிற்பதைத் தவிர்க்கலாம். முதியோர் உள்ள வீட்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம் என்பது என் பரிந்துரை. ஓரங்கள் சரிவாகத் தைக்கப்பட்டுத் தரையோடு படிந்திருக்க வேண்டும். தரையின் நிறமும் கால்மிதியின் நிறமும் வேறுபட்டிருந்தால், கண்புரை உள்ளவருக்கும் அதன் விளிம்பு தெரியும். மறதிநோய் உள்ளவர்கள் அடர்கருப்பு நிறத்தைப் பள்ளம் என்று கருதித் தாண்ட முயல்வதுண்டு. அவர்களுக்கு அந்நிறம் வேண்டாம்.

நடைக்கோலோ நடைச்சட்டமோ பயன்படுத்துபவர்களின் வீட்டில் நுரைக் கால்மிதியே வேண்டாம். கோலின் நுனி அதில் புதையும். பிடிமானமுள்ள மெல்லிய பருத்தி அல்லது ரப்பர் விரிப்பு போதும். மடித்த பழைய சேலையும் கோணிச்சாக்கும் மலிவானவைதாம்; ஆனால், பளிங்குத் தரையில் அவை காலோடு சேர்ந்தே நகரும். வாசலில் விரிப்பதற்கு அவற்றைவிட ஆபத்தானவை குறைவு.

விரிப்பதற்கு முன்னும் பின்னும்

இக்கால்மிதிகள் பெரும்பாலும் காற்று நீக்கிச் சுருட்டிய நிலையில் வருகின்றன. உறையைப் பிரித்தவுடன் விரித்துவிடக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு நாள்கள் பரப்பி வைத்தால், நுரை முழு வடிவம் பெறும்; புதுப்பொருளின் வாடையும் குறையும். ஆஸ்துமா உள்ளவரின் படுக்கையறையில் இதைச் செய்ய வேண்டாம். மூலைகள் மடிந்தே இருந்தால், முற்றிலும் படியும் வரை பயன்படுத்தாமல் இருப்பதே முறை. அதன்பின், விரிக்கும் தரையைச் சோப்புப் படிவும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்கக் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். அடியில் சிறிதளவு ஈரம் இருந்தாலும் ரப்பர் பிடிப்பு பயன்படாது. விரித்தபின், வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கட்டும். நகர்ந்தால் அக்கால்மிதி அவ்விடத்துக்கு உதவாது.

நனைந்த நுரை எளிதில் உலர்வதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு நாள்களாகியும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும், பூஞ்சை வளரும். விரல் இடுக்குகளில் ஏற்படும் சேற்றுப்புண் நீரிழிவு நோயாளிக்குப் பெருந்தொற்றாக மாறக்கூடும். ஆகவே, நாள்தோறும் பயன்படுத்தியபின் தூக்கி நிறுத்தி உலரவிட வேண்டும். இரண்டு விரிப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் கொண்டு துவைக்கலாம். பிளீச்சிங் பவுடரும் சுடுநீரும் ரப்பர் அடிப்புறத்தைக் கெடுக்கும். முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வடித்து, நிழலில் காற்றாட உலர்த்துக. கடும் வெயிலில் நெடுநேரம் கிடந்தால் நுரை பொடிந்து, ரப்பரில் வெடிப்பு தோன்றும். அடிப்புறம் உரியத் தொடங்கிய கால்மிதியை அன்றே அகற்ற வேண்டும்.

கால்மிதியால் ஆகாதவையும் உண்டு. சுவரில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடி, இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு, அமர்ந்து குளிக்க வழுக்காத கால்களுடைய நாற்காலி ஆகியவை அதைவிட அவசியமானவை. துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாகக் கொள்ள வேண்டாம். அது உடல் எடையைத் தாங்காது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், இரத்த அழுத்த மாத்திரையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது அவசியம். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

விழுந்துவிட்டால்

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்த முயல வேண்டாம். இடுப்பிலோ தொடையின் மேற்பகுதியிலோ வலி, காலைத் தூக்க இயலாமை, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கால் சற்றுக் குட்டையாகத் தோன்றுதல் ஆகியவை தொடை எலும்பின் கழுத்து முறிவைக் குறிக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவுவதோ நாட்டுக்கட்டு போடுவதோ கூடாது. 108 அவசர ஊர்தியை அழையுங்கள். ஓரளவு நடக்க முடிகிறது என்பதாலேயே முறிவு இல்லை என்று முடிவு செய்ய இயலாது; வலி நீடித்தால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர் தலையில் அடிபட்டிருந்தால், அவர் தெளிவாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.